செவ்வாய்க்கிழமை காய்ச்சல் வந்தால் யார் லீவு?

வெளிநாட்டில் குடியேறப் போகிறவர்களுக்கு விசா காகித வேலை பார்த்துக் கொடுப்பது என் தொழில். ஆனால் தூதரகத்தைவிட அவர்களுடைய அப்பா, அம்மா, மாமனாரோடுதான் எனக்கு வேலை அதிகம். தி. நகரில் ஒரு நகைக்கடைக்கு மேலே மாடியில் ஆபீஸ். பன்னிரண்டு வருஷமாக ஒரே கேள்விதான். ஒரு நாட்டில் சம்பளம் அதிகம், இன்னொரு நாட்டில் லீவும் குழந்தைக்குச் சலுகையும் அதிகம், எங்கே போவது? வீட்டில் ஒரு பிள்ளையையாவது கம்ப்யூட்டர் படிக்க வைத்திருந்தால் உங்களுக்கும் இந்த அவஸ்தை தெரிந்திருக்கும்.

இந்த வருஷம் அது என் வீட்டுக்கே வந்தது. என் மகன் அருளுக்கு ஒரே வாரத்தில் கலிபோர்னியாவிலும் ஜெர்மனியிலும் வேலை கிடைத்தது. அமெரிக்கச் சம்பளம் ஜெர்மன் சம்பளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் அங்கே போனால் மருமகள் ஜெசிந்தா, அடையாறு பள்ளியில் பத்து வருஷமாக உயிராய்ச் செய்யும் டீச்சர் வேலையை விட்டு வீட்டில் உட்கார வேண்டும். அவளுக்குக் கிடைக்கும் விசாவில் வேலைக்குப் போக முடியாது. அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால் வேறு சிலரைச் சொல்லியாக வேண்டும்.

ஆள் பெயர் எழுதவும்

நான் யாருக்கும் நாடு சொல்வதில்லை. ஒரு தாளை நீட்டுவேன். நடுவில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் இரண்டு நாடு. மேலே ஒரு கேள்வி: செவ்வாய்க்கிழமை காலை குழந்தைக்குக் காய்ச்சல், வீட்டில் யார் இருப்பது? திங்கள் என்றால் எல்லாரும் வீறாப்பாக எதையாவது எழுதுவார்கள். வெள்ளி என்றால் நாளைக்கு லீவுதானே என்று சமாளிப்பார்கள். செவ்வாய்க்கு அந்த வசதி கிடையாது. 'பார்த்துக்கலாம்' என்று எழுதவும் கூடாது, ஆள் பெயர் வேண்டும்.

கே.கே. நகரிலிருந்து வந்த ஒரு இஞ்சினியர் இரண்டு பக்கமும் யோசிக்காமல் 'அம்மா' என்று எழுதினார். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். காய்கறிக் கடை வைத்து அவரைப் படிக்க வைத்தவர். தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து நிதானமாகப் படித்துவிட்டு மகனிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னா நைனா, என்னைக் கேக்காம எம் பேர எழுதிக்கினு கீறே? எனக்குக் கடை கீது. அத்த அடிச்சிட்டு உம் பேர எழுது."

சேலைக் காகிதத்தில் பூ

பாண்டி பஜார் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர், மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். கேள்விக்கே இடமில்லை, சாமியிடம் பூ கட்டிப் பார்த்தாயிற்று என்றார். சிவப்பு அரளி அமெரிக்கா, வெள்ளை நந்தியாவட்டை ஸ்வீடன். மூன்று வயதுப் பேத்தியை எடுக்கச் சொன்னாராம், மூன்று தடவையும் அமெரிக்கா வந்ததாம்.

மகள்தான் விஷயத்தைச் சொன்னாள். அப்பா பூவைப் பொட்டலம் கட்டியது, சேலை மடிப்புக்கு நடுவே வைக்கிற மெல்லிய காகிதத்தில். பூவின் ஈரம் பட்டதும் உள்ளே இருக்கும் நிறம் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. குழந்தைக்குச் சிவப்பு பிடிக்கும், எடுத்துவிட்டது. பெரியவருக்கு முகம் சுருங்கிவிட்டது. சரி, உங்கள் தாளைக் கொடுங்கள் என்றார். ஸ்வீடன் பக்கத்தில் மருமகன் தன் பெயரை எழுதி, அங்கே அப்பாவுக்கும் சம்பளத்தோடு மாசக் கணக்கில் லீவு உண்டு என்று விளக்கினார். பொங்கலுக்கு ஒரு நாள் மட்டும் கடையை மூடுகிறவர், நம்பாமல் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். மகளைப் பார்த்தார். அவள் தாளை அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

"எங்கடையில ஒருத்தன் இப்படி லீவு கேட்டாம்னா அன்னைக்கே கணக்கை முடிச்சு அனுப்பிருவேன். மருமவன் எடுக்கட்டும்."

ஒரு வரியில் முடிந்தது

தாளை நீட்டினால் எல்லாரும் ஐரோப்பாவுக்குத்தான் போவார்கள் என்று நினைக்காதீர்கள். மயிலாப்பூர் தம்பதி ஒன்று வந்தது. வேலை கிடைத்தது மனைவிக்கு. கணவர் பையில் டிபன் டப்பாவும் குழந்தையின் மாற்று உடுப்பும் எடுத்து வந்திருந்தார், அதிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. அமெரிக்கா என்ற பக்கத்தில் அந்தப் பெண் ஒரே வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள். இன்னொரு பக்கம் காலியாக இருக்கிறதே என்று கேட்டேன்.

"ஜுரம் வந்தா இவர் ஆத்துல இருப்பார், எந்த ஊரானாலும். அப்பறம் சம்பளம் ஜாஸ்தி வர எடத்துக்கே போறோமே மேடம்."

என் வீட்டுத் தாள்

இப்படி ஊருக்கெல்லாம் தாள் நீட்டிய நான் என் மகன் விஷயத்தில் என்ன செய்தேன் தெரியுமா? அருள் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச் திருப்பலிக்கே, வாசிக்கச் சொல்லி நன்றிக் கருத்து எழுதிக் கொடுத்துவிட்டேன். பூசையில் சாமியார் மைக்கில் வாசித்தார்: 'அமெரிக்கா செல்லும் அருள் குடும்பத்துக்காக.' பங்கு மக்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அப்படியொரு பெருமை. இரண்டு வயதுப் பேரனை மடியில் வைத்திருந்த ஜெசிந்தா மட்டும் தலை நிமிரவில்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு ஆபீஸுக்கு வந்தாள். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், ராத்திரியே பேசியிருக்கலாம். அவள் டோக்கன் எடுத்து, மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, முறை வந்ததும் எதிரே வந்து தாள் கேட்டாள். கலிபோர்னியா பக்கத்தில் காய்ச்சலுக்கு ஜெசிந்தா, புதன்கிழமைக்கும் ஜெசிந்தா, நான் கேட்காத மற்ற நாளுக்கெல்லாம் ஜெசிந்தா. ஜெர்மனி பக்கத்தில் ஒரு நாள் அருள், ஒரு நாள் அவள். அடியில், 'மொழி படிக்க இரண்டு வருஷம், பிறகு வகுப்பு எடுக்கலாம்' என்று டீச்சர் கையெழுத்தில் எழுதியிருந்தாள். சம்பளம் பாதிகூட வராதே அம்மா என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே அந்த ஜவுளிக்கடைக்காரர் குரல் மாதிரி கேட்டது.

"வீட்டுல நீங்க அத்தை. இங்க நான் கிளையன்ட். மத்தவங்களுக்கு என்ன செய்வீங்களோ அத எனக்கும் செய்ங்க மேடம்."

மற்றவர்களுக்கு என்ன செய்வேன்? வாயை மூடிக்கொண்டு பைலைத் திறப்பேன். திறந்தேன். மேலே 'ஜெர்மனி' என்று எழுதும்போது கண் கலங்கிவிட்டது. வருத்தத்தில் இல்லை, இப்படி ஒருத்தி என் வீட்டில் இருக்கிறாளே என்ற கர்வத்தில். அன்று மாலையே அருள் அந்தத் தாளைப் படித்துவிட்டு ஜெர்மனிக்குச் சம்மதம் எழுதினான். நான் சர்ச்சின் பங்கு அலுவலகத்துக்குப் போய்த் திருத்திய நன்றிக் கருத்தைக் கொடுத்தேன். அங்கே குறிப்பேட்டில் எழுதும் அண்ணன் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"போன வாரம் அமெரிக்கா, இந்த வாரம் ஜெர்மனி. மருமகள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்கள்ல?"

பன்னிரண்டு வருஷத்தில் அந்தத் தாளைப் பிழையில்லாமல் நிரப்பியவர்களில் ஒருத்தி என் மருமகள், அதைச் சொந்த வீட்டில் கொடுக்கவே மறந்துபோன ஒரே ஏஜெண்ட் நான்.