பட்டு வேட்டிக்குள் ஒரு பை

என் மூத்த மகளின் கல்யாண ஆல்பத்தில் ஒரு போட்டோ இருக்கிறது. மாப்பிள்ளை தாலி கட்டுகிறார். எல்லோர் கண்ணும் அங்கே இருக்க, நான் மட்டும் குனிந்து என் வீட்டுக்காரரின் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சம்பந்தி வீட்டார் அதை வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் இல்லை என்று சொன்னதில்லை.

அது எண்பதுகளின் கடைசி. ஆவடியில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அவர் டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டர். ரிட்டயர் ஆக ஒரு வருஷம்தான் பாக்கி. இரண்டு வருஷமாகவே அவருக்கு நீர் பிரிவதில் சிரமம். பாத்ரூமுக்குப் போனால் வெகுநேரம் நிற்பார். வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்து ஓடுவார். தாழ்ப்பாளைத் திறக்கும் வரைகூடத் தாங்காது. மின்சார ரயிலில் பாத்ரூம் கிடையாதே, அதனால் வெளியே போகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். டாக்டரிடம் போகலாம் என்றால், "வயசானா எல்லாருக்கும் இப்படித்தான். இதைப் போய் எவன்கிட்ட சொல்றது?" என்று வாயை அடைத்துவிடுவார். ஆம்பிளை சமாச்சாரம் என்று நானும் விட்டுவிட்டேன்.

தை மாதம் கல்யாணம். அம்பத்தூரில் மண்டபம், பூந்தமல்லி மாப்பிள்ளை. நான்கு நாள் இருக்கும்போது, தாரை வார்க்கிற செம்பைப் புளி போட்டுத் தேய்த்து, தண்ணீர் ஊற்றி அலம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்து பாத்ரூமுக்குப் போனார். வந்து என் எதிரில் குந்திக்கொண்டார்.

"தாரை வார்க்கிறப்ப தண்ணிய நீதானே ஊத்துவ?"

"பின்னே? பக்கத்து வீட்டுக்காரி வந்தா ஊத்துவா?"

அவர் சிரிக்கவில்லை.

"தண்ணி விழுற சத்தம் கேட்டாலே எனக்கு முட்டிக்கிட்டு வருதுடி. அத்தனை பேர் முன்னாடி வேட்டி நனைஞ்சா என்ன பண்ணுவேன்? என் தம்பியும் அவன் பொண்டாட்டியும் நின்னு பண்ணட்டும்."

அப்பா உயிரோடு இருக்கும்போது சித்தப்பா தாரை வார்த்தால் ஊர் என்ன பேசும்? மகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அவர் விலகினால் நானும் விலக வேண்டும். அதை அவர் யோசித்த மாதிரியே தெரியவில்லை.

மறுநாள் பனியில் பந்தல்காரரைப் பார்க்கப் போய்விட்டு வந்தவருக்குத் தும்மலும் ஜலதோஷமும் பிடித்துக்கொண்டது. இதோடு மணமேடையில் தும்மிக்கொண்டு நிற்பாரே என்று, பக்கத்து வீட்டு அக்காவிடம் சளி மாத்திரை வாங்கி, காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று கொடுத்தேன். நல்லதுதான் செய்கிறோம் என்று நினைத்தேன். மத்தியானத்துக்கு மேல் அவருக்கு ஒரு சொட்டுகூடப் போகவில்லை. பாத்ரூமுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். பொழுது சாய்வதற்குள் அடிவயிறு பானை மாதிரி உப்பி, வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொண்ணுக்குத் தெரிய வேண்டாம் என்று அப்போதும் சொன்னார். ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். இவர் இல்லை என்றார். சளி மாத்திரை அவருக்கு மருந்துக் கணக்கிலேயே இல்லை. நான் திரைக்கு வெளியே நின்றிருந்தேன். அதுவரை எந்த ஆம்பிளை டாக்டரிடமும் நானாகப் பேசியதில்லை, எனக்கு உடம்புக்கு என்றால்கூட இவர்தான் சொல்லுவார். உள்ளே அவர் முனகுகிற சத்தம் கேட்டது. திரையைப் பிடித்துக்கொண்டே சொன்னேன். "சளி மாத்திரை ரெண்டு குடுத்தேங்க. நான்தான் குடுத்தேன். ரெண்டு வருஷமாவே அவருக்குச் சரியா போறதில்லைங்க."

டாக்டர் திட்டவில்லை. "சொன்னது நல்லதும்மா. இவருக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை நெருக்கிக்கிட்டிருக்கு. அந்த மாத்திரை அதை இன்னும் இறுக்கி அடைச்சிடுச்சு" என்றார். டியூப் போட்டதும் பை நிறைய வந்தது. அவர் முகம் தெளிந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

டியூப் அப்படியே இருக்கட்டும், கல்யாணம் முடிந்ததும் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. இவரோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "மூத்திரப் பையோட எவன் மேடை ஏறுவான்? தம்பிக்குச் சொல்லியனுப்பு" என்றார்.

பையை மாற்ற வந்த வார்டு ஆள் எங்கள் வயசுக்காரர். அது அவர் காதில் விழுந்துவிட்டது.

"இன்னா நைனா, பொண்ணு கல்யாணத்த வச்சிகினு இங்க மூஞ்சிய திருப்பிகினு கீற? உனுக்கு இப்ப இன்னா கொறச்சல்? ஊர்ல அல்லாரும் பாத்ரூம் எங்க கீதுன்னு தேடுவான், நீ கூடவே எத்துகினு போற."

இவர் சிரித்துவிட்டார். வயிறு வலிக்குது, சிரிக்க வைக்காதேப்பா என்றார். வார்டு ஆள் என் பக்கம் திரும்பி, "பைய எப்பவும் கீழ தொங்கவுடு, மேல தூக்காதே. டியூப்பு மடங்கக் கூடாது. தண்ணிய நல்லா குடிக்க சொல்லு" என்று சொல்லிக்கொடுத்தார். டியூப் இருந்தாலும் நடுவில் முட்டுகிற மாதிரி இருக்கும், சில பேருக்கு ஓரத்தில் கசியும் என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அவருடைய பழைய வேட்டியைக் கிழித்து, நாடா வைத்து ஒரு பை தைத்தேன். முழங்காலுக்குக் கீழே கட்டினால் ஆஸ்பத்திரிப் பை அதற்குள் அடங்கியது. உள்ளே கட்டிக்கொள்ள இரட்டையாக மடித்த ஒரு துண்டுத் துணி. அவர் கட்டிக்கொண்டு நாலு நடை நடந்து பார்த்தார்.

"தெரியுதா?"

"தெரியலைங்க."

தம்பிக்கு ஆள் அனுப்பச் சொல்லி அப்புறம் அவர் கேட்கவில்லை.

முகூர்த்தத்தன்று மேடையில் அவர் மகள் கையை மாப்பிள்ளை கையில் வைத்துப் பிடித்துக்கொண்டார். நான் செம்பைச் சாய்த்தேன். தண்ணீர் அவர் விரல்களின் மேல் விழுந்தபோது அவர் தாடை இறுகியது. முட்டுகிறது என்று புரிந்துவிட்டது. ஊற்றுவதா நிறுத்துவதா என்று தெரியவில்லை. "விடாம ஊத்துங்கம்மா" என்றார் ஐயர். ஊற்றினேன். அதற்குப் பிறகு மேளம் உச்சத்துக்குப் போனதும் அட்சதை விழுந்ததும் எனக்குத் தெரியாது. பட்டு வேட்டியில் எங்காவது நிறம் மாறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்க்கவேயில்லை.

வேட்டி நனையவில்லை.

பந்தியில் அவரைச் சம்பந்திக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். கால் மடக்கக் கூடாதே என்று முட்டி வலியைச் சாக்குச் சொல்லி நாற்காலி போடச் சொன்னேன். இலையில் கை வைப்பதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தார். இன்னொன்று கேட்டு வாங்கி அதையும் குடித்தார். அவர் வெளியிடத்தில் அப்படித் தண்ணீர் குடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மூன்றாவது டம்ளருக்குக் கை நீட்டியபோது, பை நிறைந்துவிடப் போகிறதே என்று தூணோரம் நின்று கண்ணால் வேண்டாம் என்றேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே அதையும் குடித்து முடித்தார்.