தண்ணீர் இல்லாத துளை

1976ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஆஸ்திரேலியாவில் நடுக்குளிர்காலம். ஒரு சனிக்கிழமை காலை பத்தேகால் மணி. இடம், சிட்னியிலிருந்து காரில் ஏழு மணி நேரம் போனால் வரும் பனிமலைப் பகுதியில் ஒரு நீர்த்தேக்கம். இந்த விவரங்களுக்கு நான் நினைவை நம்பவில்லை. நாட்குறிப்பைப் பார்த்தே எழுதுகிறேன். அன்றைய பக்கத்தில் "பனிக்கட்டியின் தடிப்பு ஆறு அங்குலம், மூன்று இடங்களில் அளந்தது" என்று இருக்கிறது. அதற்குக் கீழே பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது.

அப்போது எனக்கு நாற்பத்துநான்கு வயது. சிட்னியின் லிட்கம் பகுதியில் ஒரு சின்ன ஃபிளாட்டில் நானும் மனைவியும் இருந்தோம். மனைவியின் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எட்டு மாதமாக எங்களோடு தங்கியிருந்தார். அவருடைய மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அடுத்த மாதம் வருவதாக இருந்தது. அதற்குள் பிள்ளைகளுக்கு ஒரு புகைப்படம் அனுப்ப வேண்டும் என்று அவருக்கு ஆசை. உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கும் படம் ஒன்றை ஏதோ பத்திரிகையில் பார்த்திருக்கிறார். "அப்பா தண்ணிக்கு மேலை நடந்து போய் மீன் பிடிச்சவர் எண்டு பள்ளிக்கூடத்திலை சொல்லுவினம், அத்தான்" என்று ஒரு மாதம் நச்சரித்தார்.

நான் எதையும் முன்கூட்டியே பார்த்துச் செய்கிறவன். நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்தேன். ஓர் ஆளைத் தாங்க எவ்வளவு தடிப்பு வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். தூண்டில், துளை போட அலவாங்கு என்கிற கடப்பாரை, அளக்க அடிமட்டம், கமரா என்று பட்டியல் போட்டுச் சரிபார்த்தேன்.

இரண்டு கரைகளும் கிட்டக் கிட்ட வரும் ஒடுக்கமான ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்தோம். கரையோரமாக மூன்று இடங்களில் அலவாங்கால் குத்தி அளந்தேன். மூன்றிலும் ஆறு அங்குலம். அடியில் தண்ணீர் இல்லை, உறைந்த மணல்தான் தட்டுப்பட்டது. கரைதானே என்று நினைத்துக்கொண்டேன்.

"அத்தான், மீன் பிடிக்க வந்தனாங்களோ, ஐஸுக்குச் சட்டை தைக்க வந்தனாங்களோ? அளவெடுத்தது காணும், வாங்கோ."

நடுவுக்குப் போனோம். நாற்பத்திரண்டு அடி எடுத்து வைத்தோம். அவர் அலவாங்கை ஓங்கிக் குத்தத் தொடங்கினார். கால் மணி நேரம் குத்தியிருப்பார். திடீரென்று அது அவர் கையிலிருந்து நழுவித் துளைக்குள் போய்விட்டது. தண்ணீர் பொங்கி மேலே வரும் என்று இருவரும் குனிந்து பார்த்தோம். வரவில்லை. எங்கோ கீழே, ஆழக் கிணற்றில் வாளி விழுந்தது போல ஒரு சத்தம் கேட்டது.

முழங்காலிட்டுத் துளைக்குள் கையை விட்டேன். தோள்வரை போயிற்று. விரல் நனையவில்லை. குளிர்ந்த காற்று மட்டும் கையைச் சுற்றி மேலே வந்தது.

என் வேலை என்னவென்று இங்கே சொல்ல வேண்டும். அணைகளைக் கவனிக்கும் அலுவலகத்தில் நான் ஒரு படவரைஞர். மலைப்பகுதி நீர்த்தேக்கங்களின் மட்டத்தை வாரந்தோறும் வரைபடத் தாளில் கோடாகக் கீறுவது என் பொறுப்பு. குளிர்காலத்தில் மின்சாரத்துக்காக நீரைத் திறந்துவிடுவார்கள். இந்த நீர்த்தேக்கத்தின் மட்டம் அந்த வாரம் மளமளவென்று இறங்கியிருந்தது. இரண்டு நாளுக்கு முன், வியாழக்கிழமை பின்னேரம், அதைக் கீறியவன் நானே. அலுவலகத்தில் அது எனக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டையும் இந்த ஏரியையும் நான் ஒருபோதும் சேர்த்து நினைத்ததில்லை. தண்ணீர் ஆளுயரத்துக்குமேல் இறங்கிப் போயிருந்தது. மேலே உறைந்தது மட்டும் இரு கரைகளையும் பற்றிக்கொண்டு கூரை மாதிரி நின்றது. அந்தக் கூரையின் நடுவில் நாங்கள்.

"தம்பி, மெல்லப் படுங்கோ."

"என்ன அத்தான், தண்ணியைக் காணேல்லை?"

"கதைக்காதேங்கோ. படுங்கோ!"

வயிற்றில் ஊர்ந்து திரும்பினோம். பாதித் தூரம்கூட வரவில்லை. பலகை பிளப்பது போல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தபோது அவருடைய தலையும் இரண்டு முழங்கைகளும் மட்டுமே மேலே இருந்தன. கால்கள் வெறும் காற்றில் தொங்கின. நான் அவருடைய கோட்டுக் கழுத்தைப் பற்றினேன். இழுத்தால் என் பக்கமும் உடையும். விட்டால் அவர் போய்விடுவார். அவர் கத்தவில்லை. "பிள்ளையள்" என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியாது. நான் நேரம் பார்க்காத ஒரே சம்பவம் அதுதான். கரைப்பக்கமிருந்து ஒரு மர ஏணி வழுக்கிக்கொண்டு வந்தது. அதன் பின்னால், வயிற்றில் கிடந்தபடி ஒரு கிழவர். அணைக்குச் சுரங்கம் தோண்ட பின்லாந்திலிருந்து வந்து, அந்தக் கரையிலேயே தங்கிவிட்டவராம். அலவாங்குச் சத்தம் கேட்டவுடனேயே ஏணியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டிருக்கிறார். இருவருமாக மச்சானை இழுத்து ஏணியில் ஏற்றி, மூவரும் கரை சேர்ந்தோம். மச்சானின் ஒரு காலில் இருந்த சப்பாத்து மட்டும் கீழே போய்விட்டது.

அவருடைய வீட்டு அடுப்பருகே கோப்பி தந்தார். ஏசவில்லை. "பனிக்கட்டியில் ஏறுமுன் யாரையாவது கேட்டீர்களா? தண்ணீர் இறங்கியது இந்த மலையில் எல்லோருக்கும் தெரியுமே" என்று மட்டும் ஆங்கிலத்தில் கேட்டார். நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்களுக்கு எப்பிடித் தெரியும், பாவம்" என்று மச்சான் எனக்காகத் தமிழில் சொன்னார். அதுதான் என்னை அறைந்தது போல இருந்தது.

திரும்பி வரும் வழியில், கோல்பேர்ன் ஊரைத் தாண்டியதும் சொல்லிவிட்டேன். "தம்பி, எனக்குத் தெரியும். வியாழக்கிழமை அதைக் கீறினதே நான்தான்."

அவர் கண்ணாடி வழியே வெளியே பார்த்தபடி, சப்பாத்தில்லாத காலைக் கம்பளியால் சுற்றிச் சுற்றிக் கட்டினார். லிட்கம் வரும்போதுதான் வாய் திறந்தார்.

"அக்காவுக்குச் சொல்லாதேங்கோ. அவ உங்களை நம்பித்தான் என்னை அனுப்பினவ."

அடுத்த மாதம் விமான நிலையத்துக்கு எல்லோரும் போனோம். பிள்ளைகள் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் அவரைக் கட்டிக்கொண்டன. அவருடைய மனைவி என்னிடம் வந்து, "அண்ணை, இவரைப் பத்திரமாய்ப் பார்த்திருக்கிறியள். இந்த உதவியை மறக்கமாட்டன்" என்று கண் கலங்கினார். மச்சான் பிள்ளைகளின் தலைக்கு மேலாக என்னை ஒருமுறை பார்த்தார். கோபம் இல்லை. நான் பெட்டிகளை எண்ணத் தொடங்கினேன்.

இப்போதும் எதையாவது அளந்து எழுதி முடித்ததும் பேனாவை மூடாமல் சற்று நேரம் இருந்துவிடுகிறேன். எனக்குத் தெரிந்திருந்தும் நினைவுக்கு வராமல் போனது இன்னும் என்ன இருக்கிறதோ என்ற பயம் என்னை விட்டுப் போகவே இல்லை.