அத்திமரத்து மடு

சுந்தரம்மாவுக்குத் தோட்டத்தில் யாரோடும் பெரிய ஒட்டுதல் இருந்ததில்லை. ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பாதையோரத் தேயிலைத் தோட்டம் அது. அங்கேதான் பிறந்தாள், அங்கேதான் கொழுந்து பறித்தாள், அங்கேயே நாகமுத்துவைக் கட்டிக்கொண்டாள். பிள்ளைகள் இல்லை. வாய் மட்டும் இருந்தது. அவள் குடத்தோடு, தண்ணீர் கொட்டும் பீலியடிக்கு வந்தால், முன்னால் நிற்பவர்கள் தாமாகவே ஒதுங்கி வழிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மீன் பிடிக்கப் போனாள். பொம்பளை தூண்டில் போடுவதா என்று லயத்து வரிசை வீடுகளின் ஆண்கள் முணுமுணுத்தார்கள். அவள் காதில் விழும்படி ஒருவரும் சொல்லவில்லை.

தோட்டத்துக்குக் கீழே ஓடிய ஆறு சின்னது. வெயில் காலத்தில் சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு கடந்துவிடலாம். ஒரே ஓர் இடத்தில், அத்திமரம் ஒன்று கரையிலிருந்து சாய்ந்து நின்ற வளைவில், ஆள் மூழ்கும் ஆழத்துக்கு மடு இருந்தது. துணி துவைக்கும்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். பழுத்த அத்திப்பழம் தண்ணீரில் விழுந்த சத்தம் அடங்கும் முன்னே, அடியிலிருந்து பொன்னிறமாக ஒன்று எழும்பி அதைக் கவ்விக்கொண்டு போயிற்று. சிங்களத்தில் லெஹெல்லா என்பார்கள், லயத்தில் பெருங்கெண்டை. உள்ளங்கை அகலத்துக்குச் செதில். அடுத்த வாரமே ரத்தோட்டைக் கடையில் பெரிய தூண்டில்முள் வாங்கி, மூங்கில் கம்பில் கட்டி, அத்திப்பழத்தைக் குத்திப் போட்டாள். முதல் மீன் நூலை அறுத்துக்கொண்டு போனது. மூன்றாவது மீன் வீட்டுக்கு வந்தது. அதன்பின் பல வருடங்கள் அந்த மடு அவளுடையதாகவே இருந்தது.

அறுபத்தோராம் வருடம், ஆட்களின் பேர் பதியும் செக்ரோல் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் பெரிய கிளாக்கர் ஒருவர் புதிதாக வந்தார். செல்லச்சாமி என்று பெயர். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரிடமிருந்து கிடைத்த, சக்கரம் வைத்த தூண்டில் அவரிடம் இருந்தது. தொப்பியும் மடக்கு நாற்காலியுமாக ஆறு ஞாயிறு அந்த மடுவில் வந்து உட்கார்ந்தார். இரைக்குப் பதில் பளபளக்கும் தகரத் துண்டைத் தண்ணீரில் எறிந்து எறிந்து இழுத்தார். மீன்கள் திரும்பியும் பார்க்கவில்லை.

ஏழாவது ஞாயிறு சுந்தரம்மா அவருக்கு எதிர்க்கரையில் உட்கார்ந்து, அரை மணி நேரத்துக்குள் ஒன்பது றாத்தல் எடை தேறும் கெண்டையை இழுத்துக் கரையில் போட்டாள். குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஓடிவந்து பார்த்தார்கள். கிளாக்கர் நாற்காலியைவிட்டு எழுந்தார்.

"ஏய், அந்த மீன அங்கேயே வச்சிட்டுப் போ. இது தோட்டத்து ஆறு. கேக்காம மீன் புடிக்க ஒனக்கு யாரு உத்தரவு குடுத்தது?"

சுந்தரம்மா மீனின் செவுளில் கொடியைக் கோத்துக்கொண்டே கேட்டாள்: "ஆத்துக்கும் செக்ரோல்ல பேர் போட்டாச்சுங்களா ஐயா?"

குளிக்க வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மீனைவிட அந்தச் சிரிப்புதான் கிளாக்கரைச் சுட்டது.

மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் அவள் பெயரை ஒன்பதாம் நம்பர் மலைக்குப் போட்டார்கள். மழைக்காட்டை ஒட்டிய மலை அது. அட்டை கடித்துக் கடித்துக் கால் புண்ணாகிவிடும். ஆற்றங்கரையில் மீன் பிடிக்கத் தடை என்று பலகை நட்டார்கள். அவள் பலகையின் மேலேயே மாற்றுச் சேலையைக் காயப்போட்டுவிட்டுத் தூண்டில் போட்டாள். காவல்காரன் வந்து கம்பை முறித்துப் போட்டான். மூங்கிலுக்கா பஞ்சம்? அடுத்த வாரம் வேறொரு கம்பு வந்தது.

"விட்டுத் தொலை புள்ள," என்றான் நாகமுத்து. "அவரு கையிலதான் நம்ம வேல இருக்கு."

"என் தூண்டி என் கையிலதான் இருக்கு."

நாகமுத்து சண்டைக்குப் பயந்தவன். யாராவது சத்தம் போட்டால் அடுப்படிக்குப் போய்ச் சுள்ளி முறிக்கத் தொடங்கிவிடுவான். அன்றும் முறித்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை. சுந்தரம்மா ஒன்பதாம் நம்பரில் நின்றபோது கீழேயிருந்து கோடரிச் சத்தம் கேட்டது. தேயிலைத் தொழிற்சாலைக்கு விறகு வெட்டுகிறார்கள் என்று எண்ணினாள். பகல் தாண்டி, மரம் ஒன்று தண்ணீரில் விழும் சத்தம் மலைவரை வந்தது. அவள் கை கொழுந்தின் மேல் அப்படியே நின்றது. கூடையைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினாள்.

அத்திமரம் மடுவுக்குக் குறுக்கே கிடந்தது. மரத்துப் பாலும் சேறும் கலந்து தண்ணீர் வெளுத்திருந்தது. மூன்று பேர் கிளை கழித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் நாகமுத்து.

அவள் வந்த வழியே திரும்பி மேலே ஏறினாள். சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தபோது அடுப்பில் நெருப்பு இல்லை.

"கிளாக்கர் ஐயா பேர் சொல்லிக் கூப்புட்டுத்தான் அனுப்பினாரு," என்றான். "நா வெட்டாட்டி வேற ஒருத்தன் வெட்டியிருப்பான்."

"வேற ஒருத்தனே வெட்டியிருக்கலாம்ல."

அதுதான் அவனோடு அவள் பேசிய கடைசிப் பேச்சு என்று லயத்தில் சொல்வார்கள். முழு உண்மையில்லை. அரிசி தீர்ந்தால் தீர்ந்தது என்று சொன்னாள். கூரை ஒழுகினால் ஒழுகுகிறது என்றாள். மற்றபடி மூன்று வருடம் அந்த லயத்து வீட்டுக் காம்பராவில் அவள் பக்கத்திலிருந்து வேறு பேச்சு எழவில்லை.

பழம் விழாத மடுவைவிட்டு மீன்கள் போய்விட்டன. கிளாக்கர் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்து தகரத்தை எறிந்தார். குஞ்சு மீன்கூட அவருக்குச் சிக்கவில்லை. சுந்தரம்மா மேட்டிலிருந்து அதை நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு அவள் ஆற்றோடு கீழே நடந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வளைவாகத் தேடி, தோட்டத்து எல்லை தாண்டி இரண்டு மைலில், வயல்களின் ஓரம் மூன்று அத்திமரங்கள் நின்ற இடத்தைக் கண்டுபிடித்தாள். அந்தக் கரை, பதுர்தீன் என்ற விவசாயிக்குச் சொந்தம். அவள் நேரே அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டாள்.

"ஆறு அல்லாட ஆறு," என்றார் பதுர்தீன். "வரப்ப மட்டும் ஒடச்சிராதீங்க."

அவர் மனைவி றாபியா உள்ளேயிருந்து, "மூணு மீனுக்கு ஒண்ணு இங்க வரட்டும்," என்றாள். சுந்தரம்மாவுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. ஒத்துக்கொண்டாள்.

செய்தி எப்படியோ மேலே போயிற்று. ஒரு ஞாயிறு காலை கிளாக்கர் செல்லச்சாமி சக்கரத் தூண்டிலோடு வயல்கரையில் வந்து நின்றார். பதுர்தீனிடம் மிகவும் மரியாதையாகக் கேட்டார். பதுர்தீன் மண்வெட்டியால் ஆற்றுப் பக்கம் காட்டினார்.

"எனக்கொண்டுமில்ல. அந்தப் பொம்புளதான் மொதல்ல வந்தது. அவகிட்டக் கேளுங்க."

கிளாக்கர் வரப்பில் வழுக்கி வழுக்கி நடந்து வந்தார். சப்பாத்து முழுக்கச் சேறு.

"சுந்தரம்மா, நா ஒரு ஓரமா ஒக்காந்துக்கிறேன்."

அவள் நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தோட்டத்து ஆத்துல எடம் நெறைய இருக்குங்களே ஐயா. பலகையும் நட்டிருக்கு. அங்க யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

"நாளைக்குப் பிரட்டுல என் மொகத்தப் பாக்கணும் நீ."

"ஒம்பதாம் நம்பருதானே? அட்டைக்கெல்லாம் என்னைய நல்லாத் தெரியும்."

அவர் தூண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு வந்த வழியே திரும்பினார். அவர் மாற்றலாகிப் போகும்வரை அவள் பெயர் ஒன்பதாம் நம்பரைவிட்டு நகரவில்லை. அவளும் போய்க் கேட்கவில்லை. கணுக்காலில் விழுந்த தழும்புகள் கடைசிவரை மறையவில்லை.

அறுபத்தைந்தில் ஒரு ஞாயிறு, நாகமுத்து வயல்கரை வழியாக வருவதைக் கண்டாள். கையில் சோற்றுப் பொட்டலம். இரண்டு மைல் நடந்திருக்கிறான். பொட்டலத்தைக் கல்மேல் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளிக் குந்தினான். அவள் பிரித்துச் சாப்பிட்டாள். கருவாட்டுக் குழம்பில் உப்பு கூடுதல். அதையும் சொல்லவில்லை.

"தப்புத்தான்," என்றான் அவன், அவள் சாப்பிட்டு முடித்ததும்.

சுந்தரம்மா கையைக் கழுவி, முள்ளில் புதுப் பழத்தைக் குத்தி, தண்ணீருக்குள் இறக்கினாள்.

"கீழ தள்ளி ஒக்காருங்க," என்றாள். "ஒங்க நெழலு தண்ணியில விழுது."

அவன் எழுந்து பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்தான்.