தங்கச்சி தந்த சுடுதண்ணிப் போத்தல்

நீல நிறத்தில் ஒரு சுடுதண்ணிப் போத்தல், மூடியே கோப்பை. "வேலை விட்டாப்பிறகு அக்காவோடை ஏரிக்கரையிலை நடக்கேக்கை குடியுங்கோ அண்ணை" என்று தந்தவ, ஜேர்மனியில், எசன் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் என்னோடு வேலை செய்த தங்கச்சி. அக்கா என்றது என் மனைவியை. தங்கச்சி கூடப் பிறந்தவ இல்லை. இந்த நாட்டில் வேலையிடம் தந்த உறவு.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சட்டி கழுவத் தொடங்கி, நூற்றிருபது பேருக்குக் காலைச் சாப்பாடு அனுப்பும் ஆளாக வந்தேன். இதைக் கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். சமையலறைத் திறப்பு என் இடுப்பில்தான் தொங்கும். காலை ஆறு மணிக்கு நான் கதவு திறக்காவிட்டால் கிழடுகளுக்குக் கோப்பியே இல்லை என்று, நானும் கிழடு என்பதை மறந்து, கோயில் மண்டபத்திலும் கதைத்திருக்கிறேன்.

தங்கச்சிக்குப் பன்னிரண்டு மணி முதல் இரவு எட்டு மட்டும் வேலை. அவவின் மனிசனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், கிழமையில் மூன்று பின்னேரம் இரத்தம் சுத்திகரிக்க வேணும். திரும்பி வரும்போது கால் தள்ளாடும். வீடு மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. காலை வேலை கிடைத்தால் கையைப் பிடித்து ஏற்ற அவ வீட்டில் நிற்பா. "நீங்கள் பென்சன் எடுத்து விடேக்கை காலை வேலையை எனக்குத் தரச் சொல்லுங்கோ" என்று ஒரே ஒரு தரம் கேட்டா. ஓம் என்றேன். அதை நம்பித்தான் போத்தலும் வாங்கித் தந்தா.

பிறகு ஓய்வூதியக் கந்தோரில் எனக்கு டெர்மின், வந்து கதைக்க நாள் குறித்துத் தந்திருந்தார்கள். முழுதாய் விடத் தேவையில்லை, ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு அரைநேரம் வேலையும் செய்யலாம் என்றார்கள். தலைமைச் சமையற்காரர் கேட்டார்: ஆறிலிருந்து பத்தா, பத்திலிருந்து இரண்டா? பிந்தினதை எடுத்தால் தங்கச்சி காலைக்கு வருவா என்றும் சொன்னார். நான் காலை என்றேன்.

ஏனென்று இன்றைக்குத்தான் எழுதுகிறேன். அதற்கு முந்திய மாரியில் எனக்குக் காய்ச்சல் வந்து, இரண்டு நாள் தங்கச்சிதான் கதவு திறந்தவ. கோப்பி பிந்தவில்லை, பாண் கருகவில்லை. இன்னும் ஒரு கிழமை படுத்திருக்கலாமே என்று தலைமைச் சமையற்காரர் பகிடி விட்டார். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குச் செமிக்கவில்லை.

இரண்டு மாதத்தில் அவவின் மனிசன் படியில் தனியே ஏறும்போது விழுந்து தோள் முறிந்தது. அவ வேலையை விட்டிட்டா. நான் ஓடிப்போய், காலை நேரத்தை அவவுக்குக் கொடுங்கோ என்று தலைமைச் சமையற்காரரிடம் கேட்டேன். இனி அவவுக்குக் காலையும் ஏலாது, ஆளை விட்டு ஒரு நிமிஷம் நகரேலாது என்றார்.

ஒரு பை அப்பிளோடு மூன்று மாடியும் ஏறினேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனது. மனிசன் கட்டுப் போட்ட கையோடு, "இருங்கோ அண்ணை" என்றார். தங்கச்சி தேத்தண்ணி தந்தா. வாய் திறந்தேன், வந்தது வேறு கதை. ஓய்வூதியமும் வருகுது, சம்பளமும் வருகுது, இந்த நகரத்தில் எத்தனை பேருக்கு இப்பிடி வாய்ச்சது என்று, கோயில் மண்டபத்தில் கதைப்பதுபோலவே கதைத்தேன். தங்கச்சி கடைசி மட்டும் கேட்டா. வாசல் வரை வந்து என் இடுப்பைப் பார்த்தா.

"திறப்பு கவனம் அண்ணை."

அதில் குத்தல் இருந்ததா என்று எனக்கு இன்னும் தெரியாது. இருந்திருந்தால் ஆறுதல்.

இப்போதும் ஆறுக்குத் திறந்து பத்துக்கு வீட்டுக்கு வருகிறேன். ஏரிக்கரைக்குப் போவோமா என்று மனைவி கேட்டால் கால் நோகுது என்கிறேன். காலையில் அந்தப் போத்தலில் ஊற்றிய தேத்தண்ணி மேசையில் அப்படியே இருக்கும். நல்ல போத்தல். மத்தியானம் பன்னிரண்டுக்கு, தங்கச்சி முன்பு வேலைக்கு வரும் நேரத்தில் மூடியைத் திறந்தால், இன்னும் ஆவி பறக்கும்.