பொட்டு வைத்த மோட்டார்

வியாகுலம் என்றால் துயரம்; வியாகுலம் அண்ணனுக்கு அவர் பெயரே ஜாதகம் என்று எங்கள் ஆலையில் கிண்டல் செய்வோம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

ஏரியூர் போகிற வழியில் இருக்கும் ஜவ்வரிசி ஆலை அது. நான் வறுக்கும் அடுப்பில் வேலை செய்கிறேன். அவர் பின்பக்கம், கிழங்கு அரைத்த கழிவுநீரைச் சுத்தம் செய்யும் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறார். எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கும் அந்த வேலையை அவர் கேட்டு வாங்கினார். காரணம், ஆலைக்குக் கீழே ஓடையை ஒட்டி இருக்கும் அவருடைய கிணறு. ஆலைத் தண்ணீர் இறங்கி இறங்கி அது புளித்து நாறிப் போயிருந்தது. மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்.

"நாம பாத்துக்கிட்டா நம்ம கெணறு பொழைச்சுக்கும்" என்று மனைவி ஞானமேரியிடம் சொல்லிவிட்டு வந்தவர்.

முதலாளி கோவிந்தனுக்கு அந்தத் தொட்டிகள் தண்டச் செலவு. தண்ணீருக்குள் காற்று ஊதும் மோட்டார், அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் ஓடும். ஆயுத பூஜைக்குத் தராசு, மண்வெட்டி, விளக்குமாறு வரைக்கும் பொட்டு வைப்பார். அந்த மோட்டாருக்கு மட்டும் கிடையாது. "சம்பாதிச்சுக் குடுக்காததுக்கு எதுக்குய்யா பொட்டு?" என்பார்.

பிறகு விறகு விலை ஏறியது. கழிவுநீரை மூடி வைத்தால் எரிவாயு கிடைக்கும் என்று சேலத்திலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து சொன்னார். முதலாளி தயங்கினார். வியாகுலம் அண்ணன்தான் விடாமல் பின்னாலேயே நடந்தார். "போட்டுப் பாருங்க மொதலாளி. இந்தத் தண்ணியிலயும் காசு இருக்குதுங்க." லாபம் கண்ணில் பட்டால் இந்த மனிதருக்கு நல்ல மனசும் வந்துவிடும் என்று நம்பினார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. சொன்னால் கேட்கவா போகிறார்?

முதல் தொட்டியை மூடிய ரப்பர் உறை பலூனாக உப்பியது. வாயு என் அடுப்புக்கு வந்தது, விறகு லாரி நின்றது. ஆலை வாசலில் பச்சைப் பெயிண்டில் 'இயற்கையின் நண்பன்' என்று எழுதினார்கள். வடக்கத்தி வியாபாரிகள் பலூன் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு ஆர்டரும் கொடுத்தார்கள்.

ஆனால் வாயு எடுத்துவிட்டால் மட்டும் தண்ணீர் சுத்தமாகிவிடாது. அடுத்த தொட்டியில் காற்று ஊத வேண்டும். அதைப் போய்க் கேட்டார் அண்ணன்.

"கேஸ்தான் வருதில்ல, அப்புறம் என்ன? காத்து ஊதறதுக்குக் கரண்ட் பில்லு யாரு கட்டறது?"

அண்ணன் தலையை ஆட்டிவிட்டுத் தொட்டிப் பக்கம் திரும்பி நடந்தார்.

இந்த வருட ஆயுத பூஜையில் பலூனுக்குப் பெரிய மாலை. அதன் முன்னால்தான் பூசணிக்காய் உடைத்தார்கள். வியாகுலம் அண்ணன் வேதக்காரர்; வருடா வருடம் பொரியை மட்டும் வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுவார். அன்று குங்குமத் தட்டை எடுத்துக்கொண்டு நேராகப் பின்பக்கம் நடந்தார். துருப்பிடித்த மோட்டாருக்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்தார்.

முதலாளி சிரித்தார். "என்ன வியாகுலம், சர்ச்சுல கேட்டா என்ன சொல்லுவே?"

"மாதா கோவிச்சுக்க மாட்டாங்க. பூசை போட்ட மெஷின நாளைக்கு ஓட்டணும் இல்லீங்களா?"

முதலாளியின் சிரிப்பு நின்றது. பொட்டு வைத்த எதையும் விஜயதசமி அன்று ஓட்டாமல் விட்டால் வருடம் முழுக்கத் தொழில் படுத்துவிடும் என்பது அவர் அப்பா காலத்துப் பயம். அதிகாரிக்குப் பயப்படாத மனிதர் பொட்டுக்குப் பயந்தார்.

மறுநாள் கற்பூரம் காட்டி அவரே சுவிட்சைப் போட்டார். தொட்டித் தண்ணீர் உலை கொதிப்பது போலப் பொங்கியது. அண்ணன் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார், சாப்பிடக்கூட எழவில்லை. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

பொழுது சாயும்போது முதலாளி வந்தார். "சம்பிரதாயம் முடிஞ்சுது. நிறுத்து."

அண்ணன் கை சுவிட்சுக்குப் போகவில்லை. முதலாளியே நிறுத்திவிட்டுப் போனார்.

நாங்கள் வெளியே வந்தபோது, கடையில் வாங்கிய தண்ணீர் கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஞானமேரி அக்கா ஆலை வாசலில் நின்றிருந்தார்.

"மோட்டார் சத்தம் வூடு வரைக்கும் கேட்டுச்சுங்க. இனிமே ஓடுமா?"

"ஓடும்" என்றார் அண்ணன். "அடுத்த ஆயுத பூஜைக்கு."

கேனை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.