எங்கள் அடுப்பைப் பற்றவைப்பவர்

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். அப்படிப்பட்டவள் எழுத வந்துவிட்டதற்கு மன்னியுங்கள். மனதுக்குள்ளேயே வைத்திருக்க முடியவில்லை.

போன குளிர்காலத்தில், நியூஜெர்சியில் நான் வேலை பார்க்கும் சைவ ஓட்டலில் நடந்தது இது. எங்களிடம் யூதர்களும் நிறையப் பேர் சாப்பிட வருவார்கள். அவர்களுடைய உணவு விதிப்படி சமைக்கிறோம் என்ற சான்றிதழ் முன்பக்கக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். அதற்காகத் தினமும் காலையில் ஒரு யூதப் பெரியவர் வருவார். உச்சந்தலையில் சின்ன வட்டத் தொப்பி. அடுப்பை அவர் கையால்தான் பற்றவைக்க வேண்டும். பிறகு கறிவேப்பிலையையும் கொத்தமல்லியையும் வெளிச்சத்தில் பிடித்து, பூச்சி இருக்கிறதா என்று இலை இலையாகப் பார்ப்பார்.

"உலகமே இவங்க ஆளுங்க கையிலன்னு வாட்ஸ்அப்ல வருது. இவரு என்னடான்னா நம்ம கறிவேப்பிலையில புழு தேடிக்கிட்டிருக்காரு" என்பார் தோசை மாஸ்டர். நாங்கள் சிரிப்போம். எதற்கென்று தெரியாமல் அவரும் சிரிப்பார்.

அன்று காலை நான் போனபோது, சான்றிதழுக்குக் கீழே யாரோ கறுப்புப் பெயின்டால் யூதர்களைக் கேவலமாகத் திட்டி எழுதியிருந்தார்கள். முதலாளி என்னைவிடச் சின்னவர், கடன் வாங்கிக் கடை போட்டவர். போலீசுக்குச் சொல்லி, அவர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போன பிறகும் அவருக்குப் பதற்றம் அடங்கவில்லை.

"அக்கா, கொஞ்ச நாளைக்கு அவரை பேக் டோர் வழியா வரச் சொல்லிடலாம். சர்ட்டிஃபிகேட்டையும் உள்ள ஒட்டிக்கலாம். அடுத்து கண்ணாடிய உடைச்சா என்ன பண்றது?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பெரியவர் வந்தார். நின்று முழுவதையும் படித்தார். முதலாளி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். வட்டத் தொப்பி தெரியாமல் வேறு தொப்பி போட்டுக்கொண்டால் நல்லது என்றும் சொன்னார். உள்ளே எல்லா அடுப்பும் அணைந்து கிடந்தது. பருப்பைக் கழுவி வைத்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். அவர் கோபித்துக்கொண்டு திரும்பிப் போனால் அன்றைக்குக் கடை கிடையாது.

அவர் கோபப்படவில்லை. ஓடும் காரிலிருந்து அவரைப் பார்த்துக் கத்திவிட்டுப் போனவர்கள் உண்டாம். அவருடைய பேத்தி கழுத்தில் இருக்கும், யூதர்களின் அடையாளமான நட்சத்திரம் கோத்த சங்கிலியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறாளாம். அதையெல்லாம் மெதுவாகச் சொன்னார். கடைசியில் அவர் இங்கிலீஷில் சொன்னது எனக்கும் நன்றாகப் புரிந்தது.

"கடை உங்களுடையது. பேப்பரை எங்கே வேண்டுமானாலும் ஒட்டுங்கள். ஆனால் நான் பின்வாசல் வழியாக வர மாட்டேன். இன்றைக்கு ஒளிந்து வந்தால் தினமும் ஒளிய வேண்டியிருக்கும்."

கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, ஒவ்வோர் அடுப்பாகப் பற்றவைத்தார். கை லேசாக நடுங்கியதைப் பக்கத்தில் நின்ற நான் மட்டும் பார்த்தேன். அவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டுதான் முன்வாசல் வழியாக வந்திருக்கிறார்.

முதலாளியே வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கண்ணாடியைச் சுரண்டப் போனார். சான்றிதழ் இருந்த இடத்திலேயே இருந்தது.

கடைகண்ணியில் யாராவது என் பொட்டையும் புடவையையும் முறைத்துப் பார்த்தால் முன்பெல்லாம் தலையைக் குனிந்துகொள்வேன். இப்போது அந்த நடுங்கிய கை நினைவுக்கு வருகிறது, நிமிர்ந்தே நடக்கிறேன்.

மறுநாள் அவர் முன்வாசல் வழியாக வந்தார். கொத்தமல்லியில் ஒரு புழு இருந்தது. கட்டு முழுவதையும் தூக்கிப் போட்டோம்.