அக்கா கையைவிட்டுக் கொடுக்காத சான்றிதழ்கள்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைவடையும் இன்று எங்கள் வீட்டுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய நான் எழுதுகிறேன். "நல்லதா நாலு வார்த்தை எழுதும்மா. அந்த வேலை விவகாரத்த மட்டும் எழுதாத" என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். அதைத்தான் எழுதப் போகிறேன். அவர் மன்னிக்க வேண்டாம்; படித்தால் போதும்.

நெரவிக்கு அடுத்த சிற்றூரில், ஓர் ஏக்கர் அளவு வரும் மூன்று மா நிலமும் அதைவிடக் கூடுதலான கவலையும் கொண்ட குடும்பத்தில் அக்கா மூத்த மகளாகப் பிறந்தார். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. கணிதத்தில் முதுகலை, பிறகு பி.எட். தேர்வு நாளில்கூட நடவு ஆட்களுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, காலில் ஒட்டிய சேற்றைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறியவர். கோபக்காரர். இதையும் எழுதக் கூடாது என்பார்கள். கோபம் இல்லாத ஒருவரை எனக்கு அக்காவாகத் தெரியாது.

படித்து முடித்ததும் காரைக்காலில் ஒரு தனியார் பள்ளியில் வேலை கிடைத்தது. சம்பளம் மிகக் குறைவு. நடவுக்குப் போகும் அம்மாவின் கூலியோடு ஒப்பிட்டு அப்பாவே சிரித்துவிட்டார். "இருந்தாலும் டீச்சர் வேலைம்மா. சேந்துரு" என்றார். நான் அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தேன். அக்கா சம்பாதித்தால்தான் எனக்குக் கல்லூரி. அது அவருக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். மூன்று நாள் யோசித்தார். "கம்மிதான். ஆனா எங்கயாச்சும் ஆரம்பிக்கணும்ல" என்று கிளம்பினார். துணைக்கு என்னையும் அழைத்துப் போனார்.

பள்ளித் தாளாளர் சம்பளத்தைச் சொன்னார். அக்கா சரி என்றார். பிறகு தாளாளர், "ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாத்தையும் ஆபீஸ்ல குடுத்துட்டுப் போங்க. வேலைய விடறப்ப வாங்கிக்கலாம்" என்றார். அங்கே சேர்ந்த எல்லோரும் அப்படித்தான் கொடுத்திருந்தார்களாம்.

அக்கா தன் பச்சை ஃபைலை மேசைமேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"பாத்துட்டுக் குடுங்க சார். நான் நிக்கிறேன்."

"அதெல்லாம் முடியாதும்மா. நாளைக்கே நீங்க வேற எடத்துக்குப் போயிட்டா பிள்ளைங்க பாடம் என்னாவுறது?"

"கம்மிச் சம்பளத்துக்கு வரேன்னு சொல்லிட்டேன் சார். போறதா இருந்தா உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போவேன். இத அடகு வச்சிட்டு வேலை பாக்க மாட்டேன்."

ஃபைலோடு வெளியே வந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டு வரை நான் அழுதுகொண்டே வந்தேன். "குடுத்தா என்னக்கா? அது எங்க போயிடப் போவுது?" என்று கேட்டேன்.

"அது எங்கயும் போவாதுடி. நாமதான் போவ முடியாது" என்றார்.

எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் என் கல்லூரி போய்விட்டதே என்ற ஆத்திரத்தில் பதினைந்து நாள் அவரோடு பேசவில்லை. ஊரில் திமிர் என்றார்கள். "சோத்துக்கு வழியில்லாத வீட்டுல இவ்ளோ ரோஷமா?" என்று சித்தப்பா எங்கள் வாசலிலேயே நின்று கேட்டார். ஆமாம், ரோஷம்தான். அது இல்லாதவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அல்ல அது.

அக்கா கோவில்பத்தில் ஒரு டியூஷன் சென்டரில் சேர்ந்தார். சம்பளம் இன்னும் குறைவு. காலையில் வீடு வீடாகப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஓராண்டு தாமதமாக நான் கல்லூரியில் சேர்ந்தேன். கட்டணம் கட்டியவர் அக்கா. தங்கையின் ஒரு வருடத்தைப் பாழாக்கினார் என்று இன்றும் சிலர் பேசுகிறீர்கள். இழந்தவள் நான். எனக்கு இல்லாத வருத்தம் உங்களுக்கு எதற்கு?

பின்னர் வேறொரு பள்ளி அவருடைய சான்றிதழ்களைச் சரிபார்த்து, அப்போதே திருப்பிக் கொடுத்து வேலைக்கு எடுத்தது. எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம். ஆனால் சிறுநீரகம் பழுதாகி விழும்வரை அந்தப் பள்ளியை விட்டு அக்கா போகவில்லை. படுக்கையிலும் விடைத்தாள் திருத்தினார். திருமணத்துக்கு நேரம் வரவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. அவருக்கு இருந்ததா என்று கேட்கத் துணிந்ததில்லை.

அவருக்கு இரத்தம் கொடுத்தவர்களுக்கும், அவருடைய வகுப்புகளைத் தங்கள் தலையில் போட்டுக்கொண்ட ஆசிரியைகளுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் வந்த ஆட்டோக்கார அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. சித்தப்பாவுக்கும் நன்றி. கடைசி இரண்டு மாதமும் புதுச்சேரி மருத்துவமனை வராந்தாவில் படுத்துக் கிடந்தவர் அவர்தான். வாசலில் நின்று கேட்டவரும் அவர்தான். இரண்டும் உண்மை, இரண்டையும் எழுதிவிட்டேன்.

சென்ற மாதம் அக்காவின் கணக்கை முடிக்கச் சித்தப்பாவோடு வங்கிக்குப் போனேன். இறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்த ஊழியர், "ஒரிஜினல வச்சிட்டுப் போங்கம்மா. அடுத்த வாரம் வாங்கிக்கலாம்" என்றார்.

"பாத்துட்டுக் குடுங்க சார். நான் நிக்கிறேன்" என்றேன்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த சித்தப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவரும் எழுந்து என் பக்கத்தில் நின்றார்.